பேனாவில் போட்ட இரண்டு

“அந்தப் பழைய மார்க் தாளைக் குடுங்க சார்” என்று அதிகாரியிடம் கேட்டேன்.

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் கொள்முதல் பிரிவில், டெண்டருக்கு வரும் பொருளின் தரத்துக்கான மார்க்கைப் பென்சிலில்தான் போடுவார்கள். பிறகு விலை உறைகளைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி, ஜெயிக்க வேண்டியவருக்குத் தோதாக மார்க்கை அழித்து எழுதுவார்கள். அது தெரியாமல் நான் பேனாவில் போட்டுத் தொலைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுபது ஸ்ட்ரெச்சர். மாதிரிக்கு வந்த ஒன்றில் மணல் மூட்டையை ஏற்றி, சரிவில் நிறுத்தி பிரேக் போட்டேன். கையை எடுத்ததும் அது பாட்டுக்கு உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. பத்துக்கு இரண்டு. இன்று அதிகாரி நீட்டிய புதுத் தாளில் அந்த இரண்டு, ஒன்பதாகியிருந்தது.

“ரப்பர் தேஞ்சதுதான் மிச்சம், உன் இங்க் போகலம்மா” என்றார் பக்கத்து மேசை அக்கா.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்கம்மா அந்த ஆஸ்பத்திரியிலதானே ஸ்ட்ரெச்சர் தள்ளுறாங்க? ஏதோ கோவத்துல நீ குறைச்சுப் போட்டேன்னு எழுதட்டுமா?”

“எழுதுங்க. போன வருஷம் இதே கம்பெனி ஸ்ட்ரெச்சர் உருண்டு அவங்க மணிக்கட்டு உடைஞ்சுது. இன்னும் ஈரத்துணி பிழிய முடியல. அதையும் எழுதுங்க. இல்லன்னா வாங்க, வண்டியில நீங்க படுங்க. நான் பிரேக் போட்டுட்டுக் கையை எடுக்குறேன். நின்னுச்சுன்னா ஒன்பதுக்குக் கையெழுத்துப் போடுறேன்.”

அக்காவின் தட்டச்சு நின்றது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்ல முதல் பட்டம் உன்னுது. அடுத்த மாசம் வேலை நிரந்தரமாகுது. உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்காத.”

அந்த மணிக்கட்டு தள்ளித் தள்ளித்தான் எனக்குப் பட்டம் வந்தது. இவர் எனக்குச் சோற்றைப் பற்றிச் சொல்கிறார்.

மணி நான்கை நெருங்கியது, மார்க்கை அறிவிக்கும் நேரம். கூடத்தில் கம்பெனிக்காரர்கள் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். மார்க்கை உரக்கப் படிப்பது எப்போதும் பிரிவின் கடைக்குட்டியின் வேலை, அது நான்தான். சபையில் படித்ததை அப்புறம் எந்த ரப்பராலும் அழிக்க முடியாது.

அவருடைய தண்ணீர் டம்ளரைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அடியில் மடித்திருந்த பழைய தாளை எடுத்தேன்.

“ஏய், எதைப் படிக்கப் போற?”

தாளைப் பிரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி வெளியே நடந்தேன்.