சுவரில் இரண்டு தட்டு

தாம்பரத்தில் வீடு மாற்றும்போது பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே முப்பத்துச் சொச்சம் கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் என் கையெழுத்து: தபால் அதிகாரி, தீயணைப்பு நிலையம், கால்நடை டாக்டர் - பாழ். அந்தப் 'பாழ்' என்பதை அழுத்தி எழுதியதில் காகிதமே கிழிந்திருந்தது. எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்பார் என் கணவர் சக்ரவர்த்தி.

அது 2004. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தோம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. என் தம்பி ஸுதர்சன் டல்லாஸில் இருந்துகொண்டு, அங்குள்ள பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு நடத்தினான். வெறும் பாடம் என்றால் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்களாம். வாரம் ஒரு விருந்தினர் பேச வேண்டுமாம். "நீ போன்ல பேட்டி எடுத்து, ரெக்கார்ட் பண்ணி அனுப்புக்கா" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

என் ஒலிப்பதிவுக் கூடம் முன்னறைதான். ஸ்பீக்கர் போன், அதை ஒட்டித் தலையணைமேல் டேப்ரெக்கார்டர். மின்விசிறியை நிறுத்தி, குக்கரை இறக்கி, ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்வை வழிய, "வணக்கம் ஐயா, குழந்தைகளுக்கு உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பேன். பேட்டி முடிந்ததும் கேசட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் அர்ஜுனனின் பிரௌசிங் சென்டருக்கு ஓட வேண்டும். அவர் அதை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்புவார். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

எல்லாவற்றையும் சமாளித்தேன். தறியை மட்டும் சமாளிக்க முடியவில்லை. என் வயதுக்காரி வள்ளி, அடுத்த வீட்டில், எங்கள் பொதுச்சுவரை ஒட்டித் தறி போட்டிருந்தாள். அமாவாசையன்று தறிக்கு ஓய்வு உண்டு. ஆனால் பாடம் வாராவாரம் ஆயிற்றே. முதல் வாரமே போய்க் கேட்டேன்.

"இதுக்கு இன்னா டீச்சரம்மா, சுவத்துல ரெண்டு தட்டு தட்டுங்க. நிறுத்திட்றேன்" என்றாள்.

அவ்வளவுதான் ஒப்பந்தம். நான் தட்டினால் அடுத்த நொடி தறி நின்றுவிடும். அரைமணி கழித்து மறுபடி தட்டுவேன், டக் டக்கென்று ஆரம்பித்துவிடும். முகூர்த்தப் புடவைக்குக் காத்திருக்கும் கல்யாண வீட்டுக்காரர்களைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

முப்பது வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் மாலை குழாயடியில் வள்ளி என்னை மடக்கினாள்.

"டீச்சரம்மா, அந்த கிளாஸ்ல நான் ஒருதபா பேசட்டுமா?"

"நீயா? என்ன பேசுவே?"

"இன்னாவோ பேசறேன். எனக்கு ஆசையா இருக்குதும்மா."

"இல்லடி, இதுக்கெல்லாம் படிச்சவா பேசினாத்தான் நன்னா இருக்கும்" என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதுவும் செரிதான்" என்று போய்விட்டாள். நானும் காய் நறுக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் கால்நடை டாக்டரின் பேட்டி. அவரை லைனில் வைத்துக்கொண்டு சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். தறி நிற்கவில்லை. நான்கு தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

"என்னம்மா, மாவு மிஷின்லேர்ந்து பேசறீங்களா?" என்றார் டாக்டர்.

அவர் பேசியதில் பாதி எனக்கே கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு விறுவிறுவென்று அடுத்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

"உனக்குக் காது செவிடா? அங்க குழந்தைகளெல்லாம் பாடத்துக்குக் காத்துண்டிருக்கா!"

வள்ளி தறியிலிருந்து தலை நிமிரவில்லை. "எனக்கும் வேல இருக்குது டீச்சரம்மா. படிச்சவங்க பேச்சுக்கு முன்னாடி என் தறிச் சத்தம் எம்மாத்திரம்னு இருந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்கு வந்து கேசட்டின் முதுகில் 'பாழ்' என்று எழுதித்தான் ஆற்றிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் ஊரில் இல்லை. வேறு நாலு பேருக்குப் போன் செய்தும் யாரும் சிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பாடம் வந்தாக வேண்டும் என்று ஸுதர்சன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காலை வள்ளியிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. ஆள் கிடைக்காததால் போனேன். இதை ஒளிப்பானேன்?

"சரி, நீயே பேசு. எங்காத்துக்கு வா, பக்கத்துல உக்காந்தே பேசிடலாம்."

வள்ளி கொஞ்சம் யோசித்தாள். "கெஸ்ட்டுங்க எல்லாம் போன்லதான பேசுவாங்க? நானும் போன்லயே பேசறேம்மா."

தலை வாரி, பூ வைத்து, தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் தெருமுனையிலிருந்து எனக்குப் போன் செய்தாள். நான் வழக்கம்போல் சுவரைத் தட்டக் கையை ஓங்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, தறியில் ஆளில்லை.

"வணக்கம் குழந்தைகளே. என் பெயர் வள்ளி கலியாணசுந்தரம். நான் பட்டுப் புடவை நெய்கிறேன்" என்று ஒப்பித்தாள். நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். முடித்துவிடலாம் என்று, "குழந்தைகளுக்கு வேறு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்றேன்.

அதைக் கேட்டதும் மேடைத் தமிழை உதறிவிட்டாள்.

"கண்ணுங்களா, நானும் உங்ககூடத்தான் முப்பது பாடம் படிச்சிக்கினு வரேன். டீச்சரம்மா சுவத்துல தட்டுனா தறிய நிறுத்திட்டு, காத சுவத்துல வெச்சிக்குவேன். நெருப்பு புடிச்சா குனிஞ்சிக்கினே வெளிய வரணும்னு ஃபயர் ஸ்டேஷன் சார் சொன்னாரே, ஞாபகம் இருக்குதா? தாமல் ஏரிக்கு இன்னா இன்னா பறவை வரும்னு ஒருத்தர் சொன்னாரு. அடுத்த அமாவாசைக்கு நான் பஸ்ஸு ஏறிப் போயி பாத்துட்டே வந்துட்டேன். மாட்டு டாக்டர் பாடம் மட்டும் கேக்கல. கோவத்துல தறிய ஓட்டிக்கினே இருந்துட்டேன். அதனால உங்களுக்கும் அந்தப் பாடம் இல்லாம பூடுச்சு. மன்னிச்சிக்குங்கபா."

வழக்கமாகச் சொல்லும் "நன்றி, வணக்கம்" கூட அந்தக் கேசட்டில் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் யார், கேட்டது யார்!

அப்படியும் என் புத்தி போகவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிடச் சொல்லி அர்ஜுனனிடம் கேட்டேன். டல்லாஸ் பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவர் கேசட்டை ஓட்டி, "எங்கருந்து கட் பண்ணணும்மா?" என்றார். இன்னொரு முறை கேட்டேன். முப்பது பாடத்தையும் ஒன்றுவிடாமல் கேட்ட ஒரே மாணவியின் குரல் அது. "வேண்டாம், அப்படியே அனுப்புங்கோ" என்றேன்.

மூன்றாம் நாள் மின்னஞ்சலில் பிள்ளைகளின் கேள்விகள் வந்தன. மற்ற விருந்தினருக்கு நாலைந்து வரும். வள்ளிக்கு இரண்டு பக்கம். அதில் ஸஹானா என்ற ஒன்பது வயதுப் பெண் கேட்டிருந்தாள்: "வள்ளி ஆன்ட்டி எங்களுக்காக முப்பது முறை, அரைமணி அரைமணியாகத் தறியை நிறுத்தினார். மொத்தம் பதினைந்து மணி நேரம். அதில் எவ்வளவு புடவை நெய்திருக்கலாம்?"

தாளை எடுத்துப் போய் வள்ளியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"ஒரு முந்தானை வருமா... ஆமா, ஜரிகை போட்டே ஒரு முந்தானை நெய்ஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அதுக்கு இன்னா இப்ப? நான் சும்மாவா இருந்தேன், படிச்சிக்கினு இல்ல இருந்தேன்."

அங்கேயே உட்கார்ந்து நான் அழுதேன். "குழாயடியில அப்படிச் சொன்னது தப்பு வள்ளி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அறுந்தே போகாத இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டாள்.

அடுத்த வாரம் கால்நடை டாக்டர் மறுபடி பேச ஒப்புக்கொண்டார். நான் சுவரைத் தட்டவில்லை. வாசல் வழியாகப் போய்க் கூப்பிட்டேன்.

இன்று அந்த இரண்டாவது டாக்டர் கேசட்டைத்தான் முதலில் போட்டேன். நாடா கொஞ்சம் இழுக்கிறது. மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படித் தெரியும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, குறுக்கே ஒரு குரல் பாய்கிறது. "காதத் தொட்டுப் பாத்தா தெரியுமா சார்?"

"நல்ல கேள்வி. யாரும்மா அது, உங்க ஸ்கூல் டீச்சரா?"

"இல்ல சார்" என்கிறது என் குரல். "என்னோட படிக்கறவ."