இடதுபக்கம் திரும்பாத கார்

திங்கட்கிழமை ஓட்டல்காரர் வருகிறார் என்று மனைவி சொன்னபோது மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விருந்தாளியாக வருகிறார் என்று நினைத்தார்.

"எதுக்கு?"

"காரை வாங்க."

இப்போது தூக்கினார்.

ஓட்டலின் வரவேற்பறை நடுவில் நிறுத்தி, சுற்றிக் கண்ணாடிக்கூண்டு போட்டு, மேலே விளக்கு வைக்கப்போகிறாராம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம்.

"அப்படீன்னா வண்டி ஓடவே ஓடாதே!"

"இங்க மட்டும் தினமும் ஊரைச் சுத்திட்டு வருதாக்கும்."

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, குட்டையான பின்பக்கம், கரும்பச்சை நிறம். வாங்கியபோது நன்றாக ஓடியது. பிறகு அவர் அதை அழகுபடுத்தத் தொடங்கினார். முதலில் சீட். பிறகு சக்கரம். பிறகு பெயின்ட். ஒன்றை அழகாக்கினால் பக்கத்தில் இருப்பது அசிங்கமாகத் தெரியும். அதையும் கழற்றுவார். கார் ஷெட்டை விட்டு வெளியே வந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

ஷெட்டில் அது கால்நீட்டிப் படுத்திருக்க, மனைவியின் தையல் மெஷின்கள் மூன்றும் படுக்கையறையில் கட்டிலை நெருக்கிக்கொண்டு நின்றன. தண்ணீர் குடிக்க எழுந்தால் முழங்கால் இடிக்கும். பெரும்பாலும் அவருடைய முழங்கால்.

கெஞ்சினார். கொஞ்சினார். கடைசியில் அவள் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கார் கேட்டைத் தாண்ட வேண்டும். அவளை நூல்கடைக்குக் கூட்டிப்போய், திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். அப்படி நடந்தால் ஓட்டல்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நடக்காவிட்டால் கண்ணாடிக்கூண்டு.

"ஆள் வச்சுத் தள்ளிட்டுப் போறது கணக்குல வராது" என்றாள். அவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள்.

அவர் கவலைப்படவில்லை. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மேனிஃபோல்டு.

எஞ்சின் விடும் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்புகிற இரும்பு அது. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பழையவை ஒழுங்காகத்தான் வேலை செய்தன. ஆனால் துருவேறி, சொரசொரத்து, தீய்ந்துபோன கிழங்குபோல் இருந்தன. பானட்டைத் திறந்தால் எஞ்சின் பளபளக்கும், பக்கத்தில் இவை. புதுச் சட்டை போட்டவன் காலில் பிய்ந்த செருப்பு. அவரால் பொறுக்க முடியவில்லை. எங்கோ தூரத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேனிஃபோல்டுகளை வரவழைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் மூன்று குழாய்கள் வளைந்து இறங்கி, கீழே ஒன்றாகச் சேர்ந்தன. பெட்டியைப் பிரித்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"இதப் போட்டா வண்டி வேகமாப் போகுமா?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

"சத்தம் குறையுமா?"

"கொஞ்சம் கூடும்."

"பெட்ரோல்?"

"அதேதான்."

"பின்ன எதுக்கு?"

"பாக்க நல்லாருக்கும்."

"எங்க மாட்டுவீங்க?"

"பானட்டுக்குள்ள."

"பானட் மூடித்தானே இருக்கும்?"

அவர் துணியை எடுத்துக் குழாயைத் துடைக்கத் தொடங்கினார். கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, பஸ் டிப்போவில் மெக்கானிக். டீசல் கரி அப்பாத எதையும் அவன் எஞ்சின் என்று ஒப்புக்கொள்வதில்லை. குழாயில் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டான்.

"மாமா, இதுல பாத்து ஷேவே பண்ணலாம் போல."

"தொடாத! கைரேகை பட்டா சூட்டுல அப்படியே பதிஞ்சுடும்."

"அப்ப எப்படி மாட்டறது? மந்திரம் போட்டா?"

மாமா புதுக் கையுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். மச்சினன் அதை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் அக்காவிடம் தூக்கிக் காட்டினான். "ஆபரேஷன் தியேட்டர்க்கா. நீ வெளிய இரு."

பழைய போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. எண்ணெய் விட்டான். தட்டினான். காஸ் பர்னரால் சுட்டான். டிப்போ பாஷையில் திட்டினான். கடைசி போல்ட்டைத் திருகும்போது மேனிஃபோல்டில் போல்ட் ஏறும் காது ஒன்று உடைந்து கையோடு வந்தது.

"போச்சு" என்றான் மச்சினன்.

"நல்லது" என்றார் மாமா.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் போனார். ஓடிப்போய் அவரை நிறுத்தி, உடைந்ததையும் உடையாததையும் வண்டியில் ஏற்றிவிட்டார். இனி அவற்றின் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் புதியவை ஏறி உட்கார்ந்தன. மனைவிகூட வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த வார்த்தையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவர் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எஞ்சின் முதல் முறுக்கிலேயே பிடித்துக்கொண்டது. ஷெட் தகரம் அதிர்ந்தது. அவர் பானட் பக்கம் ஓடினார். குழாய்களின் கழுத்து மெல்லப் பொன்னிறமாக மாறிக்கொண்டிருந்தது.

"மாப்ள! கலர் மாறுது!"

"சூடுபட்டா மாறாம? நீங்களும் ஒரு நாள் டிப்போ அடுப்புக்கிட்ட வந்து நில்லுங்க."

மனைவி கைப்பையோடு வந்து உட்கார்ந்தாள். கார் நேராக ஷெட்டை விட்டு வந்தது. நேராக முற்றத்தைக் கடந்தது. நேராகக் கேட்டுக்கு வெளியே மூக்கை நீட்டியது. அவருக்குக் கண் கலங்கியது. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினார்.

டக்.

மறுபடி திருப்பினார். டக். ஸ்டீயரிங் கொஞ்சம் போய், எதிலோ முட்டி நின்றது. வலதுபக்கம் திருப்பினால் திரும்பியது. ஆனால் வலதுபக்கம் தெரு ஒரு சுவரில் முடிந்துவிடும்.

எதிரில் ஒரு ஸ்கூட்டர்காரர் வந்து நின்றார். "சார், போறீங்களா, வர்றீங்களா?"

மச்சினன் காருக்கு அடியில் படுத்தான். ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு தலை வெளியே வந்தது.

"மாமா, ஸ்டீயரிங்லருந்து ஒரு தண்டு இறங்குதுல்ல, அதுல ஒரு முட்டி இருக்கு. இடதுபக்கம் திருப்பினா அந்த முட்டி உங்க வெள்ளிக் குழாயில போய் இடிக்குது."

"அதெப்படி? இந்த மாடலுக்குன்னே செஞ்சதாச்சே. படத்தப் பாத்துத்தானே வாங்கினேன்."

"எங்க, அந்தப் படத்தக் காட்டுங்க."

செல்போனில் காட்டினார். அதே கார். அதே குழாய்கள். மச்சினன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். அந்தக் காருக்கு ஸ்டீயரிங் மறுபக்கம் இருந்தது.

மனைவியும் எட்டிப் படத்தைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் கண் டெஸ்ட் பண்றீங்க."

"நான் குழாயத்தான் பாத்தேன்" என்றார் அவர், சின்னக் குரலில்.

மூன்று பேரும் ஸ்கூட்டர்காரருமாகச் சேர்ந்து காரை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். பழைய மேனிஃபோல்டுகள் இந்நேரம் எந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கின்றனவோ. அவர் வேறு யோசனைகள் சொன்னார்.

"வலதுபக்கம் திரும்பி சுவர் வரைக்கும் போயிட்டு, அங்கேருந்து ரிவர்ஸ்லயே நூல்கடைக்குப் போயிட்டா?"

"நாக்கு வெளிய தள்ள, கழுத்தத் திருப்பிக்கிட்டு? நான் வரல" என்றாள் மனைவி. "நூல்கடைக்காரி கேட்டா என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரருக்கு முன்னால போகத் தெரியாதுன்னா?"

"ஒரே வழிதான் இருக்கு" என்றான் மச்சினன். "முட்டி இடிக்கிற இடத்துல குழாய நசுக்கணும். ஒரு கட்டைவிரல் ஆழம் போதும்."

"இதையா?"

"அதத்தான்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. ஓட்டல்காரர்."

கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கழுத்தில் பொன்னும் நீலமும் ஓடியிருந்தது. மற்ற இடமெல்லாம் இன்னும் வெள்ளி. அதில் அவர் முகம் நீளமாக, அழுமூஞ்சியாகத் தெரிந்தது. கண்ணாடிக்கூண்டுக்குள் இது நசுங்காமல் இருக்கும். விளக்குப் போடுவார்கள். தினமும் துடைக்க ஆள் வைப்பார்கள். ஒரு நிமிஷம் அதுகூட அவருக்குத் தப்பாகப் படவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மனைவி. "கடையில ஃபிரேம் ஒருத்தர் மூக்குல உக்காரலன்னா என்ன பண்ணுவீங்க? ஃபிரேம் அழகா இருக்குன்னு மூக்கச் செதுக்குவீங்களா?"

மச்சினன் சுத்தியலைத் தூக்கினான். "தள்ளுங்க மாமா. கண்ண மூடிக்குங்க. ஒரே போடு."

"வை கீழே!"

அப்படி ஒரு சத்தத்தை இரண்டு பேரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். குழாயைப் பிடிசட்டத்தில் இறுக்கினார். இரண்டு பக்கமும் துணி வைத்து.

"சூடு வை. நான் பாத்துக்கறேன்."

மச்சினன் காஸ் பர்னரைப் பிடித்தான். குழாய் மஞ்சளானது, பழுப்பானது, சிவந்தது. அவர் ஓர் உருண்டை முனை இரும்பை வைத்து மெல்லத் தட்டினார். நிறுத்தினார். குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி சூடு வைக்கச் சொன்னார். மறுபடி தட்டினார்.

"மாமா, நூல்கடைய மூடிடுவாங்க. ஒரு பஸ்ஸையே நான் இந்நேரம் முடிச்சிருப்பேன்."

"பஸ்ஸென்ன மூக்குக்கண்ணாடியா மாட்டுது, காது வலிக்க? நீ சூடு வை."

நசுங்கல் உருவானது. ஓரம் மடியாமல், வெடிக்காமல், ஈர மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோல. மச்சினன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. கையுறையைக்கூட அவனே தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

குழாய் ஏறியது. மனைவி ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்து இடதுபக்கம் திருப்பினாள். முட்டி அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து, எதையும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.

வெயில் சாயும்போது கார் கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பியது. மனைவி ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. அவர் தலையாட்டினார். மறுபடி சொன்னாள். மறுபடி தலையாட்டினார்.

"கைப்பையக் கேட்டுக்கிட்ட விட்டுட்டேன்னு சொல்றேன்!" என்று கத்தினாள்.

திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, மறுபடி இடதுபக்கம் திரும்பினார்கள். நூல்கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். கார் வந்து நின்ற சத்தத்தில் அவளே மறுபடி ஏற்றினாள். வரும் வழியில் மனைவி ஒரு முக்கில் கையைக் காட்டி, இங்கே திரும்புங்க என்றாள். அது வீட்டுக்குப் போகும் வழி இல்லை. அடுத்த முக்கிலும் கைகாட்டினாள். எல்லாம் இடதுபக்கம். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஓட்டல்காரருக்குப் போன் செய்தாள். கார் விற்பதற்கு இல்லை என்று சொன்னாள். அவர் கதவுக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, ஷெட்டைத் திறக்கப் போனார்.

"அங்க எங்க போறீங்க?"

"வண்டிய உள்ள விட."

"ஓடாத வண்டிக்கு ஷெட் வேணும். இதுதான் ஓடுதே. தெருவுல எல்லார் வண்டியும் நிக்கல?" தம்பியைப் பார்த்துத் திரும்பினாள். "டேய், வந்தது வந்த. அந்த மெஷின் மூணையும் தூக்கிட்டு வந்து இங்க போடு."

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். வாதாட ஓர் இண்டு இடுக்குகூட இல்லை. ஆனால் அன்று இரவு அவர் முழங்கால் எதிலும் இடிக்கவில்லை.

காலையில் கார் வாசல் சுவரோரம் நின்றது. கடைக்குப் போகுமுன் பானட்டைத் திறந்து, குழாய்களைத் துடைக்கத் தொடங்கினார். வெயில் நேராக விழுந்தது. பொன்னிறத்துக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே கத்தரிப்பூ நிறம். ஷெட்டில் இவ்வளவு தெரிந்ததில்லை.

"என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்றார் நாளிதழ் போடுகிறவர்.

"இல்லியே."

அடுத்து பால்காரர். "ரிப்பேரா?" அதற்கடுத்து எதிர்வீட்டு அம்மா, பால்கனியிலிருந்து. "வெளிய வந்த மறுநாளே நின்னுடுச்சா?" இல்லை, இல்லை என்று சொல்லி அவருக்கு வாய் வலித்தது.

நேற்றைய ஸ்கூட்டர்காரர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா. கண்ணாடி மாதிரி இருக்கே." கொஞ்சம் குனிந்தார். "ஆனா சார், இந்த இடத்துல நசுங்கியிருக்கு. யாரோ கீழ போட்டுட்டாங்க பாருங்க."

கண்ணாடிக்கடைக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காரின் கதவைத் திறந்துவிட்டார்.

"உள்ள உக்காருங்க. ஸ்டீயரிங்க இடதுபக்கம் திருப்புங்க."