சக்கரம் வைத்த பேட்டரிப் பெட்டி

கடையில் மூன்று வகை இருந்தன. மாதாமாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டிய பழைய பேட்டரி ஒன்று. சுவரில் மாட்டிவிட்டால் பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கடைக்காரர் சொன்ன லித்தியம் ஒன்று. கைப்பிடியும் சக்கரமும் வைத்து, ஊருக்குப் போகிறவர்கள் போல இழுத்துக்கொண்டு போகக்கூடிய பெட்டி இன்னொன்று.

தங்கமணியின் மனசு சுவர் லித்தியத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் புருஷன் முரளிதரனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. பர்மாவின் யாங்கூனில் கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் வராது.

"வாடகை வீட்டுல சுவத்துல மாட்டி என்னக்கா செய்யப்போற? காலி பண்ணச் சொன்னா சுவத்தைப் பேத்துக்கிட்டா போவ?" என்றாள் எதிர்வீட்டுச் செசிலியா. "பெட்டியா எடுப்போம். ஆளுக்குப் பாதி."

பதினெட்டு வருஷம் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவில், ஒருத்தி குழம்பை ஒருத்தி தின்று வளர்ந்த சிநேகிதம். தங்கமணி வளையலை விற்றுத் தன் பாதியைக் கொடுத்தாள். ரசீது செசிலியா பெயரில் இருக்கட்டும் என்றவளும் தங்கமணிதான். திரும்பும் வழியில் இருவரும் அந்தோணியார் கோயிலில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே போகிற இந்துப் பெண்களில் தங்கமணியும் ஒருத்தி. அந்தோணியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைத்தாளே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது.

ஆக்சிஜன் ஓடுகிற அறையில் பேட்டரி ஆபத்து என்று செசிலியா சொன்னதால், பெட்டி அவள் வீட்டிலேயே தங்கியது. அங்கிருந்து ஒரு வயர் நடையைத் தாண்டி முரளிதரனின் மெஷினுக்கு வந்தது. மூன்று மாதம் நிம்மதியாகப் போயிற்று.

இன்று காலை கரண்ட் இருந்தபோது, "பெட்டி சூடாவுதுக்கா, கடையில காட்டிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்றாள் செசிலியா. நாலு மாடிப் படியிலும் ஒரு பக்கம் தங்கமணிதான் பிடித்து இறக்கினாள். கீழே டாக்சியில் செசிலியாவின் மகன் ஆண்ட்ரூ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஒரு மணியாகியும் அவளைக் காணோம். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைப் புருஷனுக்கு மாட்டிவிட்டுத் தங்கமணி கீழே ஓடினாள். மளிகைக்கடை ஷம்சுதீன் அவள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் நிறுத்தார்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். பெட்டியைப் போட்டாதாங் பேட்டையில ஒருத்தருக்கு விக்கப் பேசி முடிச்சிருந்தாங்க. தாயும் மகனும் மலேசியா போறாங்க."

அங்கேயே நின்று போன் போட்டாள். நாலாவது தடவை செசிலியா எடுத்தாள். பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

"அக்கா, பயலைப் பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். டிக்கெட்டுக்கு வேற வழி தெரியல."

"சொல்லியிருந்தா நானே வித்துக் கொடுத்திருப்பேனே."

"அண்ணன் மூச்சை வெச்சுக்கிட்டு எப்படிக் கொடுப்ப? நீ கொடுக்க மாட்டேக்கா."

அது உண்மைதான் என்பது இன்னும் எரிந்தது. "சக்கரம் வெச்சது வேணும்னு சொன்னியே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா?"

செசிலியா போனை வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளைக்காகத்தான் செய்தாள். ஆனாலும் தன் கையாலேயே படியிறக்க வைத்தாளே, அதை மன்னிக்கத் தங்கமணிக்கு மனசு வரவில்லை.

மேலே வந்தபோது சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே இருந்தது; இதே அளவில் விட்டால் நாலு மணிவரைகூட வராது. கரண்ட் வர ஏழு மணியாகும். தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டாள். வேறு சிலிண்டர் ஆறு மணிக்கு மேல்தான் கொண்டுவர முடியும் என்று ஒரே ஒருவர் ஒத்துக்கொண்டார்.

"செசிலியா வந்துடுச்சா?" முரளிதரன் சன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து இழுத்து இழுத்துக் கேட்டார்.

"வந்துக்கிட்டிருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே சிலிண்டரின் திருகைக் கொஞ்சம் இறுக்கினாள்.

"குறைக்கிறியா?"

"இல்ல. சரியா இருக்கான்னு பார்த்தேன். பேசாம இருங்க."

முரளிதரன் அவளை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.