அம்மாவின் இடது பக்கம்

அம்மா துடைக்கிற கட்டடத்துக்குப் பதினான்கு மாடி. அவள் கை படாத கழிப்பறை அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உள்ளே போக வேண்டுமானால், அடித்தளச் சுவரில் பதித்திருக்கும் மெஷின் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். பதிவில் உள்ள முகம் என்றால் மெஷின் பெண் குரலில் "நன்றி" சொல்லும், கதவு திறக்கும். "அந்தக் கட்டடத்துலயே எனக்கு நன்றி சொல்ற ஒரே ஆளு அதுதான்" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தச் சிரிப்பு கோணிப்போனது. ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகியது. இடது கண் மூட மாட்டேன் என்றது. அரசு ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். மாத்திரை கொடுத்து, சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது என்றார்கள். நல்லது நடக்கிற வரிசையில் அம்மாவுக்கு என்றைக்கு இடம் கிடைத்திருக்கிறது? ஆகவில்லை.

வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் தெரியாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் புழங்குகிற வேலை. எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். மெஷின் ஒன்றுக்குத்தான் அதைக் கழற்ற வேண்டும். அது கண்டுகொண்டது. "பதிவில் இல்லை" என்றது. மூன்று முறை தவறினால் சூப்பர்வைசரின் போனில் மணி அடிக்கும். அம்மா இரண்டோடு நிறுத்திக்கொண்டு, காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"புதுசா ஒரு தடவை பதிஞ்சுக்கச் சொல்லேன்மா" என்றாள் மகள்.

"சொல்லலாம். உடம்பு நல்லாருக்குன்னு டாக்டர் சீட்டு கேப்பான். போன வருஷம் கால் வீங்குனவகிட்டயும் அதத்தான் கேட்டான். சீட்டு வாங்கப் போனவ போனவதான். மறுநாளே அவ பக்கெட்ட வேற ஒருத்தி தூக்கிட்டு நின்னா."

மகளுக்குக் கல்லூரியில் 'கரி' என்று பெயர். ஓவியம் படிக்கிறாள், கடைசி வருஷம். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். கரித்துண்டால் வரைகிறாள் இல்லையா, அதனால் வைத்தோம் என்று வைத்தவர்கள் மழுப்பினார்கள். அவள் படத்தின் மூலையில் 'கரி' என்றே கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். "டிராயிங் டீச்சருக்குப் படிக்குது" என்று அம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

இரண்டு வருஷமாகக் கரி முகங்களைத்தான் வரைகிறாள். எதை முகம் என்று மெஷின் ஒப்புக்கொள்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். கல்லூரிக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைத்த ஒரு புரோகிராம் இருந்தது. கேமரா முன் படத்தைக் காட்டினால், முகம் என்று பட்டால் பச்சைக் கட்டம் போடும். மூக்கைத் துடைத்தாள், அப்போதும் கட்டம் விழுந்தது. புருவத்தை அழித்தாள், கட்டம் ஓடிவிட்டது. கறுத்த முகத்தை உள்ளபடி வரைந்தால் தயங்கியது, ஒரு கை வெள்ளை கூடினால் பல்லைக் காட்டியது. "எங்கத்தைக்கும் இதுக்கும் ஒரே கண்ணு" என்று தோழிகளிடம் சொன்னாள்.

எனவே அம்மாவுக்கு ஒரு முகம் செய்து கொடுக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. முதலில் போட்டோவை முயன்றார்கள். போன் திரை பளபளத்தது, மெஷின் ஏற்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. பிறகுதான் ஒரு மரப்பலகையை முகம் அளவுக்கு அறுத்து, பளபளக்காத சாயத்தில் அம்மாவின் பழைய முகத்தை வரைந்தாள். இரண்டு கண்ணும் சமமாக, வாய் நேராக. மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னதாகப் போய், அம்மா அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நன்றி."

நாற்பத்தோரு வேலை நாள் அப்படி ஓடியது. பலகை ஒரு பழைய துண்டில் சுற்றி அம்மாவின் பையில் இருக்கும். அம்மா அதைப் பார்த்ததே இல்லை. துண்டைப் பிரிக்கும்போதே படம் மெஷின் பக்கம் திரும்பியிருக்கும். "பாரேம்மா" என்றால், "என்னத்தப் பாக்க? போன மூஞ்சிதானே" என்பாள். வீட்டுக் கண்ணாடியையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

புதன்கிழமை அம்மாவுக்கு வார விடுமுறை. அன்று பலகை கல்லூரிக்குப் போகும். இறுதித் தேர்வில் அதையே வைக்கப்போகிறாள் கரி. வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வருவார். அவர் கொடுக்கிற மதிப்பெண்ணில்தான் மேல்படிப்பு.

துறைத்தலைவர் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பாஸ்போர்ட் போட்டோ" என்றார். "மெஷினுக்குப் புடிக்கிற மாதிரி வரைஞ்சிருக்க. இந்தம்மாவ உனக்குத் தெரியுமா?"

"எங்கம்மா சார்."

"அப்ப இன்னும் மோசம்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் பாட்டுக்குப் போய்விட்டார். கரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இமையை மட்டும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்றுதான் தூரிகையை எடுத்தாள். மூடாத இடது கண் வந்தது. அது வந்ததும் பக்கத்துக் கன்னம் பொய்யாகத் தெரிந்தது, அதையும் இறக்கினாள். வாயோரம் தொங்கியது. தூங்கும்போதும் திறந்தே கிடக்கிற அந்தக் கண்ணில், யார் எப்போது கூப்பிடுவார்களோ என்கிற பயம் தானாக வந்து உட்கார்ந்தது. நான்கு மணி நேரம். அவள் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் படம். துறைத்தலைவர் திரும்பி வந்து பார்த்தார்.

"இத வை" என்றார்.

கேமரா முன் காட்டினாள். பச்சைக் கட்டம் விழுந்தது.

கல்லூரிப் புரோகிராம் முகமா என்று மட்டும்தான் கேட்கும். அம்மாவின் மெஷின் யார் முகம் என்று கேட்கும். இந்த வித்தியாசத்தை இரண்டு வருஷமாக வகுப்பில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தவளே கரிதான். படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் என்று சொல்லலாம். அது பொய். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நினைவு வந்தது. பழைய முகத்தை மீட்க வேண்டுமானால் இந்தக் கண்ணை அழிக்க வேண்டும். கட்டம்தான் விழுந்துவிட்டதே, அதுவும் மெஷின்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ராத்திரி துண்டில் சுற்றிப் பையில் வைத்தவளும் அவள்தான்.

காலை ஆறரைக்குப் போன் வந்தது. "உங்கம்மாவ வந்து கூட்டிட்டுப் போ."

அடித்தளத்து அறையில், துடைப்பங்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே சூப்பர்வைசர். பலகை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"நீதான் ஓவியரா?" என்றார் சூப்பர்வைசர். "விடாம மூணு தடவ காட்டிருக்காங்க, எனக்கு மணி அடிச்சுது. வந்து பாத்தா உங்கம்மா பலகைக்குப் பின்னாடி நிக்கிறாங்க. நாப்பத்தோரு நாளா நடக்குதுன்னு அவங்களே சொல்றாங்க."

"உள்ள வந்து வேல செஞ்சாங்கல்ல சார்? படமா தரையத் தொடச்சுது?"

"செஞ்சது உங்கம்மாதான்னு நான் எப்படி நம்புறது? பலகைய யாரு வேணா புடிக்கலாம்."

"கேமரால பாருங்க."

"மாஸ்க் போட்டுட்டு பதினேழு பேரு போறாங்க. அதுல எது உங்கம்மா, நீயே காட்டு."

அவர் ஒரு தாளைத் தள்ளினார். நாற்பத்தோரு நாள் ஆள்மாறாட்டம் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் பலகையை எடுத்துக்கொண்டு இப்போதே போகலாம். ஆனால் கம்பெனியின் எந்தக் கட்டடத்திலும் இனி வேலை கிடையாது.

"போடலன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"மேலிடத்துலேர்ந்து வந்து விசாரிப்பாங்க. உங்க பக்கத்த நீங்க சொல்லலாம். அவங்க மனசு வெச்சா வேல நிக்கும். ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பலக இங்கதான் இருக்கும், சாட்சி."

அம்மா மகளைப் பார்த்தாள். "பரீட்ச என்னிக்கு?"

"அடுத்த வெள்ளி."

அம்மா பலகையை நிமிர்த்தினாள். முதன்முறையாகப் பார்த்தாள். விரலை இடது கண்மேல் வைத்தாள், பிறகு வாயோரத்தில்.

"எப்ப மாத்துன?"

"நேத்து."

"ஏன்டி?"

கரியின் கண் பலகையில்தான் இருந்தது.

"வாத்தியார் என்ன சொன்னாரு?"

"இத வைன்னாரு."

அம்மா தலையாட்டினாள். திறந்தே கிடந்த கண்ணிலிருந்து வழக்கம்போல நீர் வழிந்தது. அழுகிறாளா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "பேனா குடுங்க சார்" என்றாள்.

போடாதேம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விசாரிக்கட்டும், நான் வந்து சாட்சி சொல்கிறேன், அந்த முகத்தை மாற்றியவள் நான்தான் என்று இன்னும் சில வார்த்தை. மெஷினும் அடையாளமும் பற்றிக் கருத்தரங்கில் இருபது நிமிஷம் மூச்சுவிடாமல் பேசியவள். அம்மா எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதுகிற வரைக்கும் நேரம் இருந்தது, நிறையவே இருந்தது.

கவிழ்த்துப் போட்டதில் சாயம் எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று, கரி பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.