சூடான பானட்

ஞாயிற்றுக்கிழமை காலை பல்கூடத் துலக்காமல் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செய்த முதல் காரியம், காரை ஸ்டார்ட் செய்ததுதான். இரண்டே கதவுள்ள ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், பத்து வருஷக் காதல். இன்ஜின் வேகத்தைக் கூட்டும் பெரிய டர்போ மாட்டி, சைலன்ஸரை மாற்றி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி செய்து வைத்திருந்தார். ஆனால் மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கப் போகின்றன. குழந்தைகளின் தள்ளுவண்டியை அந்தக் காருக்குள் திணிக்கப் பார்த்துத் தோற்ற அன்றே, அதை விற்றுவிட்டு நாலு கதவு வண்டி வாங்குவதென்று முடிவாகிவிட்டது.

காலையிலேயே ஸ்டார்ட் செய்தது மெக்கானிக் மச்சினன் சொல்லிக்கொடுத்த வித்தை. "ஆறின இன்ஜின் நீலப் புகையா கக்கும் மாமா. கார் பாக்க ஆள் வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட விட்டுடுங்க. பிரேக்கைப் பத்தி வாயே திறக்காதீங்க."

பிரேக்தான் பெரிய வில்லங்கம். காரின் வேகத்தைக் கூட்டச் செலவழித்துக்கொண்டே போனவர், அதற்கேற்ற பிரேக்கை மாற்றவேயில்லை. நாலு தடவை அழுத்திப் பிடித்தால் ஐந்தாவது தடவை பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப்போகும், வண்டி நிற்காது.

கார் பார்க்க வந்தவர் ஒரு பேக்கரிக்காரப் பெண், கூடவே ஏழு வயது மகள். அடுப்புச் சூடு பார்த்துப் பழகிய கை, நேராக இன்ஜின் மூடியான பானட்டில் போய் உட்கார்ந்தது.

"சூடா இருக்கே. எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?"

"பால் வாங்கப் போனேங்க," என்றார் வாய் கூசாமல்.

வாசலுக்கு வந்த மனைவி, "அப்படியா, பாக்கெட் எங்க?" என்றாள்.

பேக்கரிக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதற்குள் மகள் பின் சீட்டில் ஏறி, தானே பெல்ட்டும் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீடு மேட்டு மேல இருக்கு. ஸ்கூலுக்கு தினமும் இவளை இதுலதான் இறக்கிட்டு வரணும்," என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். மனைவியின் வயிற்றைப் பார்த்தார். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை.

"பொய் சொல்லிட்டேங்க. புகை தெரியக் கூடாதுன்னுதான் சூடு பண்ணேன். பிரேக்கும் சரியில்ல. மேட்டுலேர்ந்து இறங்கும்போது இதை நம்பாதீங்க. இந்த நிலைமையில உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான், வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்தார். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது நான் பாக்குற ஆறாவது கார். ஆறுலயும் பானட் சூடாத்தான் இருந்துச்சு. ஏன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். பிரேக்கையும் அந்தப் புகையையும் சரி பண்ணி வைங்க, நானே எடுத்துக்கறேன்."

மகள் பின் சீட்டிலேயே கைதட்டினாள். இறங்கவே மறுத்தவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்து வந்த மச்சினன் தலையிலடித்துக்கொண்டான். "இப்படி உள்ளதை எல்லாம் கொட்டினா எப்படி மாமா பொழைக்கிறது?"

"ஆபத்தை மறைச்சு விக்கிறது வியாபாரம் இல்லடா, கொலைக்குத் துணை போறது. நம்ம புள்ளைங்களை ஏத்தப் பயப்படுற வண்டியில அடுத்தவங்க புள்ளையை ஏத்தி அனுப்பக் கூடாது. போ, ஸ்பானரை எடு."

சொல்லிவிட்டு, மனசு லேசாகி, சட்டையை மாட்டிக்கொண்டு உண்மையாகவே பால் வாங்கக் கிளம்பினார். நடந்துதான்.