தலைப்பெழுத்து

அன்று வடகரைத் தென்னந்தோப்பு வீட்டின் முற்றத்தில் இருந்தோர் இவர்: வீட்டுக்கும் தோப்புக்கும் உரியவளாகிய ஆனந்தவள்ளி, அவள் தம்பியும், காவல்துறை ஆய்வாளராயிருந்து ஓய்வு பெற்றவனுமாகிய முத்துச்செல்வம், கடையநல்லூரிலிருந்து கல் ஏற்றி வந்த கல்தச்சர் முகம்மது ரபீக், தேங்காய் பொறுக்க வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட குருவம்மாள், வாய் கட்டிய மண்கலயத்துள் சாம்பலாய்க் கூழையன் என்னும் நாய்.

ஆனித் திங்களின் முற்பகல் அது. தெற்கே குற்றால மலை முகிலைத் தலைவரை இழுத்துப் போர்த்துக் கிடக்க, அதன் இடுக்குகளில் அருவிகள் கரும்பாறைமேல் கொட்டிய சுண்ணாம்பெனச் சரிந்திறங்க, தென்காசிச் சாலையெங்கும் நீராட வந்தோரின் ஊர்திகள் எறும்பு வரிசையாய் ஊர, குடை விரித்தால் நின்றுவிடுவதும் மடக்கினால் நனைத்துவிடுவதுமாகிய சாரல் வடகரை வயல்களின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கற்றறிந்தீர், இத்துணை அழகிய நாளில்தான் உடன்பிறந்தார் இருவர் ஓரெழுத்தின் பொருட்டுப் பகைத்தனர். அழகு அதைத் தடுக்கவில்லை.

பிறவியிலேயே வால் குறுகியதால் அப்பெயர் பெற்ற கூழையன், பங்குனியில் தோப்புக்குள் புகுந்த காட்டுப்பன்றியை மறித்து, வயிறு கிழிந்து, கிழிந்த பின்னும் பிடி விடாது நின்று, பன்றி ஓடிய பின் ஆனந்தவள்ளியின் மடியில் தலை வைத்து இறந்தது. அவள் அழவில்லை என்று ஊர் சொல்லும். ஊர் அப்போது அங்கில்லை. தென்னை மட்டையும் தேங்காய்த் தொண்டும் அடுக்கித் தானே எரித்துச் சாம்பலைக் கலயத்தில் அள்ளி வைத்தாள். ஆற்றில் கரைத்துவிடு என்றான் தம்பி. தென்னங்கன்று நட்டு அடியில் இட்டுவிடு என்றாள் குருவம்மாள். கரைத்தால் காணாமல் போவான், கன்று நட்டால் நாளை தேங்காயைத்தான் பார்ப்போம் என்று இரண்டையும் தள்ளினாள் ஆனந்தவள்ளி. காவல் காத்து விழுந்த நாய்க்குக் கல் நட்ட வழக்கம் இந்நாட்டில் பண்டு உண்டு. அதை அவள் எங்கும் படித்தறியாள். ஆயினும் கல்லே வேண்டும், அதுவும் கிணற்றோரம் தன் தந்தை பரமசிவனின் நினைவுக்கல்லை அடுத்தே நிற்க வேண்டும் என்று துணிந்து, கைப்பேசியில் ரபீக்கிடம் சொல்லிவிட்டாள்.

கல்லை மூடியிருந்த சாக்கை ரபீக் விலக்கியதும் கருங்கல்லில் பெயர் வெளுத்துத் தோன்றியது: ப. கூழையன்.

முத்துச்செல்வம் குனிந்து படித்தான். மறுபடியும் படித்தான். "எக்கா, இது என்ன எழுத்து?"

ஆனந்தவள்ளியும் அப்போதுதான் கண்டாள். "பாய் போன்ல இனிசியல் கேட்டாரு. வாயில வந்தத சொல்லிட்டேன்."

"நான் ஆளுன்னுல்லா நெனச்சேன்," என்றார் ரபீக். "நாயின்னு ஒரு வார்த்த சொல்லப்படாதாக்கா?"

"சொன்னா வெட்ட மாட்டீயளோ?"

"வெட்டுவேன். உளிக்கு என்ன தெரியும்? இனிசியல் கேட்டுருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

குருவம்மாள் முந்தானையால் வாயை மூடியும் சிரிப்பு வெளியேறிவிட்டது. "அப்போ ஆய்வாளரு அண்ணாச்சியும் 'ப', கூழையனும் 'ப'. ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாக்கும்."

அச்சிரிப்பே தீயாயிற்று. "வியாழக்கெழம பாவூர்சத்திரத்துல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரவ வாராவ," என்றான் முத்துச்செல்வம். "வந்தா மொதல்ல எங்கப்பா கல்லத்தான் கும்பிடுவாவ. பக்கத்துல நாய் எங்கப்பா எழுத்தப் போட்டுக்கிட்டு நின்னா எம் மவ மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பா? சாம்பல ஆத்துல கொட்டு. கல்லுதான் வேணும்னா எழுத்த அழி."

கணவனை இழந்து ஒன்பதாண்டு ஆனவள், பிள்ளையில்லாதவள், நாளை தன் உடலுக்குக் கொள்ளி வைக்க இவனையன்றி ஒருவரும் இல்லை என்பதை நன்கறிந்தவள் ஆனந்தவள்ளி. ஆகையால் குனிந்து, அந்த எழுத்தின்மேல் விழுந்த சாரலை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"அழிச்சிருங்க பாய்," என்றாள் பிறகு.

தம்பியின் தோள்கள் தளர்ந்தன. "அதான் எங்கக்கா."

உளி எழுந்து விழ, கற்பொடி மழையோடு கலந்து பாலாய் வழிய, எழுத்து மறைந்து அவ்விடத்தில் உள்ளங்கையளவு பள்ளம் தோன்றியது. ரபீக் துணியால் துடைத்தார். "பேரு மட்டும் போதும்லாக்கா?"

"போதாது. அந்தப் பள்ளத்துலயே 'ஆ' வெட்டுங்க."

"ஆன்னா?" என்றான் முத்துச்செல்வம்.

"ஆனந்தவள்ளி."

"நாய்க்கு நீ அம்மையா?"

"ஆமா. அப்பா எழுத்து ஒனக்கும் பங்குன்ன, சரின்னு அழிச்சாச்சு. இது எம் பேரு. இதுல ஒனக்கு ஒரு பங்கும் கெடையாது."

"நாளைக்கு ரேசன் கார்டுலயும் ஏத்திருவா போல," என்றாள் குருவம்மாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

முத்துச்செல்வத்தின் குரல் தாழ்ந்தது. பலரை நடுங்க வைத்த குரல் அது. "அந்த எழுத்தோட கல்லு நின்னா இந்தப் படிய மிதிக்க மாட்டேன். நீ செத்தாலும் கொள்ளி வைக்க வர மாட்டேன். யோசிச்சுக்கோ."

ஆனந்தவள்ளி கல்தச்சரை நோக்கினாள். "எவ்வளவு நேரம் ஆவும் பாய்?"

"அரை மணி."

"வெட்டுங்க."

அந்த அரை மணியும் அவன் போகவில்லை. அவள் தடுப்பாள் என்று எண்ணினானோ, உளி உடையும் என்று எண்ணினானோ, வாயிலருகே மதிலைப் பற்றியவாறு நின்றான். இரண்டும் நிகழவில்லை. ரபீக்கும் குருவம்மாளும் கிணற்றோரம் குழி தோண்டினர். கலயத்தின் வாய் அவிழ்த்து அவளே சாம்பலைச் சாய்த்தாள். அதன்மேல் கல்லை நிறுத்தி மண் தள்ளி மிதித்தனர். ஏனைய எழுத்துகளினும் ஆழ்ந்து கிடந்த அந்த 'ஆ'வில் மட்டும் சாரல் தேங்கி நின்றது.

முத்துச்செல்வம் திரும்பி நடந்தான்.

"செல்வம்."

அவன் நின்றான். இருபதாண்டு இளையவனுடையது போலிருந்தது அவன் திரும்பிய முகம்.

"தோப்புச் சாவி ஒண்ணு ஒங்கிட்ட கெடக்கு. வச்சிட்டுப் போ."

சட்டைப் பையிலிருந்து எடுத்து மதில்மேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான்.

கற்றறிந்தீர், தன் உடலுக்கு யார் தீ வைப்பர் என்ற அச்சத்தால் பிறர் சொற்படி வாழ்ந்து முடிப்போர் இவ்வுலகில் மிகப் பலர். இப்பெண்ணுக்கும் அவ்வச்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்கு விலையாகத் தன் சொல்லை அவள் கொடுக்கவில்லை, அவ்வளவே. மதிலிலிருந்து சாவியை எடுத்தாள். தம்பி வெளியே சாலையில் ஏறும்வரை காத்திருந்தாள். தோப்பு வாயிற்கதவை இழுத்துச் சாத்தி, அவன் வைத்துப்போன சாவியாலேயே பூட்டினாள்.