பூங்காவனம் கரை ஏறிய விதம்

எங்கள் ஊரில் குழந்தைகள் வயிற்றுக்குள் முதலில் மீனாகவும், பிறகு தவளையாகவும், அதன் பின் ஓணானாகவும் இருந்துவிட்டுத்தான் மனிதராவார்கள். நடுவில் நின்றுவிட்ட குழந்தையை அப்படியே பெற்று, அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். மீன் என்றால் ஏரி. ஓணான் என்றால் வேலி. யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

நிற்காமல் இருக்க ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. குழந்தை எந்தப் பிராணியாக இருக்கிறதோ, அந்தப் பிராணியை வீட்டில் யாரும் புகழக் கூடாது. புகழ்ந்தால் அதற்கு அந்த உடம்பே போதும் என்று தோன்றிவிடும். என் மனைவி பூங்காவனத்துக்கு மீன் மாதம் நடந்தபோது என் தம்பி கலியன் சாப்பிட வந்தான். மீன் சாப்பிடத் தடையில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவனோ குழம்பில் கை வைத்ததும், "மீனுக்கு ஈடா உலகத்துல ஒண்ணு உண்டா அண்ணி?" என்றான். அவன் வாய் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது?

அடுத்த ஸ்கேனில் டாக்டர் எஸ்தர் திரையைக் காட்டினார். இதயம் இரண்டு அறைகளோடு நின்றிருந்தது. செவுள் மூடவில்லை. குழந்தையிடம் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்காது என்றார். செவுளைத் தாங்கும் எலும்புகளில் சில இடம் மாறிக் காதுக்குள் போய்ச் சேர வேண்டும், அவை இன்னும் கிளம்பவே இல்லை. அப்படியானால் கலியன் சொன்னது மட்டும் எப்படிக் கேட்டது என்றேன். புத்திமதிக்குத்தான் காது வேண்டும், புகழ்ச்சிக்கு வேண்டாம் என்றார்.

பூங்காவனத்தின் அக்கா தையல்நாயகியும் மீனாக நின்றவள்தான். பொங்கலுக்குப் பொங்கல் குடும்பத்தோடு போய் அவளுக்குப் பொரி தூவுவார்கள். அவள் கரையோரம் வரை வந்து, மண்ணில் மூக்கை முட்டிவிட்டுத் திரும்பிப் போவாள். அதைப் பார்த்துவிட்டு வந்தால் பூங்காவனத்துக்குச் சோறு இறங்காது. இப்போது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பொரி மூட்டையோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க அக்காவுக்கு யாரும் ஏறச் சொல்லித் தரல. பொரியத் தூவிட்டு வந்துட்டாங்க," என்றாள். "நான் ஏறிக் காட்டப் போறேன்."

மறுநாள் காலையிலிருந்து ஏரிக்குப் போனோம். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வயிறு தரையில் படாமல் முழங்கையை ஊன்றி அவள் கரை ஏறினாள். முதலில் முழங்கை மட்டும். அது படிந்த பிறகு மணிக்கட்டு. துடுப்புக்கு மணிக்கட்டு கிடையாது என்பதால் அதற்கு நாள் பிடித்தது. பிறகு கழுத்து. மீனுக்குக் கழுத்தும் இல்லை, பக்கத்தில் பார்க்க மொத்த உடம்பும் திரும்ப வேண்டும். அதனால் பூங்காவனம் பாதிக் கரையில் நின்று, தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்ப்பாள். துணைக்கு நானும் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருப்பேன். எனக்கு அது லேசில் வரவில்லை. கரையில் மாடு மேய்த்தவர்கள் பெண்டாட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கற்றுக்கொண்டேன்.

தண்ணீரோரம் மீன்கள் கூடி வேடிக்கை பார்த்தன. அதில் பெரிய மீன் ஒன்று தினமும் முதல் ஆளாக வந்தது. பூங்காவனம் அது வரும்வரை காத்திருந்துதான் ஏறத் தொடங்குவாள்.

மழை பிடித்துக்கொண்ட நாளில் கரை வழுக்கி, அவள் திரும்பத் திரும்ப நீருக்கே போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. போதும், ஏரியிலும் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும் என்றேன். அவள் வாயில் போன சேற்றைத் துப்பிவிட்டு மறுபடி முழங்கையை ஊன்றினாள்.

இதயத்தில் மூன்றாவது அறை வந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். தவளை மாதம் முழுக்க ஏரித் தவளைகளை வாய் ஓயாமல் திட்டினோம். ஓணானைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான்காவது அறையும் வந்தது. காது எலும்புகள் இடம் போய்ச் சேர்ந்தன. அப்போதுதான் கலியனை வரவழைத்து, இனி நீ தாராளமாக மனிதரைப் புகழலாம் என்றோம். அவன் வயிற்றருகே உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அண்ணியின் முழங்கைகளைப் புகழ்ந்தான்.

பெண் குழந்தை பிறந்தது. கழுத்து இருந்தது, மணிக்கட்டு இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன், சந்தோஷத்தில்.

பெயர் வைத்த அன்று, பந்தி நடக்கும்போது வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. தையல்நாயகி கால் ஊன்றி நின்றிருந்தாள். இரண்டு முழங்கையும் உரிந்திருந்தன. தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பித் தங்கையைத் தேடினாள். பழக்கத்தில் யாரோ பொரி எடுத்து வந்தார்கள்.

"பொரி வேணாம்," என்றாள் பூங்காவனம். "அக்காவுக்கு இலை போடுங்க."

போட்டேன். அன்றைக்குச் சாம்பார் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தையல்நாயகிக்குப் பின்னால், ஏரியோரம் வேடிக்கை பார்த்தவர்கள் தெருமுனை வரை ஈரமாக வரிசையில் நின்றார்கள். நான் இன்னொரு உலை வைக்கப் போனேன்.